ஹவில்தார் அண்ணனும் விசா பாரமும்

காலையில் எங்கள் ஓசூர் ஃபேக்டரி கேட்டில் செக்யூரிட்டி அண்ணன் கொதித்துக்கொண்டிருந்தார். ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். வெளிநாட்டில் இருக்கும் மகளைப் பார்க்க விசாவுக்கு விண்ணப்பித்திருக்கிறார்.

“எந்த ரெஜிமெண்ட்டு, எந்த பார்டரு, என்னென்ன துப்பாக்கி சுடத் தெரியும்னு ஒண்ணு விடாம கேக்கறான் சார். எல்லாத்துக்கும் லெட்டர் வேணுமாம். நாட்டக் காத்தவன் மூஞ்சியப் பாத்தா தெரியாதா?”

“அநியாயம்ண்ணா” என்றபடி உள்ளே கால் வைத்தேன். குறுக்கே கை வந்தது.

“ஐடி கார்டு?”

வீட்டிலேயே மறந்துவிட்டேன். “ஆறு வருஷமா தினமும் பாக்கறீங்களேண்ணா!”

“மூஞ்சி தெரியுது சார். ஆனா ரூல்ஸ்னா ரூல்ஸ்தான். எச்ஆர்ல லெட்டர் வாங்கியாந்து குடுங்க.”

எச்ஆர் ஆபீஸ் கேட்டுக்கு உள்ளேதான் இருக்கிறது.

விசா கொடுக்கும் புண்ணியவான்களே, இவரை விருந்தாளியாகக் கூப்பிட்டு வீணாக்காதீர்கள். உங்கள் கவுண்டரிலேயே உட்கார வையுங்கள். ஈ காக்கா கூட உங்கள் நாட்டுக்குள் நுழையாது.