ஸ்டெல்லா அக்காவின் டபிள்யூ கீ

ஸ்டெல்லா அக்கா போய்விட்டார். காலையில் உவரியிலிருந்து அவர் கணவர் போன் செய்தார்.

எதிர்பார்த்த சாவுதான். எதிர்பார்த்திருந்தால் வலி குறையும் என்கிறார்கள்... ஒன்றும் குறையவில்லை.

பாளையங்கோட்டையில் ஒரு டிடிபி சென்டரில் நானும் அக்காவும் பக்கத்துப் பக்கத்து சீட். அத்தான் உவரியில் கடலுக்குப் போகிறவர். அக்கா இங்கே அறை எடுத்துத் தங்கி, சனிக்கிழமை சாயங்காலம் ஊருக்கு பஸ் ஏறுவார்.

கண் கையெழுத்துப் பிரதியில் இருக்கும், விரல் தன்பாட்டுக்கு ஓடும். அப்படி ஒரு டைப்பிங்.

மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் அதே கம்ப்யூட்டரில் துப்பாக்கிச் சண்டை கேம். ஆபீஸில் நாங்கள் ஒரு டீம். அக்காதான் எப்போதும் முன்னால் ஓடுவார். ஓடி, எங்களுக்கு முன்னால் செத்தும் போவார்.

சாவதற்குக் காரணம் பெரும்பாலும் எதிரி இல்லை. சாட் பெட்டியைத் திறந்து எங்களைத் தமிழில் திட்டுவார். பெட்டியை மூட மறந்துவிட்டு ஓடுவதற்கு டபிள்யூவை அழுத்துவார். நாங்கள் டைப் செய்யும் தமிழ்99 முறையில் டபிள்யூ என்றால் ‘ஈ’. ஆள் நின்ற இடத்திலேயே நிற்க, சாட்டில் மட்டும் ஈஈஈஈஈஈ என்று ஓடிக்கொண்டிருக்கும். அதற்குள் சுட்டுவிடுவார்கள்.

அதிலிருந்து எங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் ‘ஈ’ என்றால் ‘நான் முன்னால போறேன், வாங்க’ என்று அர்த்தம். டீக்கடைக்குக் கிளம்பினாலும் ஈ. வீட்டுக்குக் கிளம்பினாலும் ஈ.

அக்காவுக்கு ஒரு மெக்கானிக்கல் கீபோர்டு வாங்க ஆசை வந்தது. ஒவ்வொரு கீக்கும் அடியில் தனி ஸ்விட்ச், அதற்குள் ஒரு ஸ்பிரிங். நீல ஸ்விட்ச் என்றால் டக் டக்கென்று சத்தம் வரும், டைப்பிங்குக்கு சுகம். சிவப்பு தடையில்லாமல் இறங்கும், கேமுக்கு நல்லது. நான் ஒரு வாரம் வீடியோவாகப் பார்த்துத் தள்ளிவிட்டு, இரண்டுக்கும் சேர்த்துப் பிரவுன்தான் சரி என்று தீர்ப்புச் சொன்னேன்.

“பிரவுனு ரெண்டுங்கெட்டாம்லா. எனக்கு சத்தம் வேணும்லே” என்றார்.

நீலமே வந்தது. கேம் நடுவே மைக்கில் அந்தச் சத்தம் கேட்டால், அக்கா முறுக்கு கடிக்காவ என்று கிண்டல் செய்வோம். முதலாளி முறைத்துப் பார்த்தார். அக்கா கண்டுகொள்ளவே இல்லை.

பிறகு ஒருநாள், வேலைக்கு நடுவில்...

“டபிள்யூ கட்டையா அமுங்குது. என்னன்னு பாருலே.”

கீயைப் பிடுங்கி ஸ்விட்சை மாற்றிப் போட்டேன். சரியாகவில்லை. அடுத்து பக்கத்திலிருக்கும் ஏ கீ கட்டை என்றார், பிறகு எஸ் கீ. பழைய ஸ்விட்சை என் விரலால் அமுக்கிப் பார்த்தேன்... வெண்ணெய் மாதிரி இறங்கியது. கோளாறு ஸ்விட்சில் இல்லை, அக்காவின் விரலில்.

மதுரை ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். தசைக்குப் போகிற நரம்பெல்லாம் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டு வருகிறதாம். மருந்து இல்லை. இல்லை என்றால் இல்லைதான்.

அக்கா வேலையை விட்டு உவரிக்குப் போனார். அங்கிருந்தே புத்தகம் டைப் செய்து அனுப்பினார். நான் திசையன்விளை வழியாக பஸ் பிடித்துப் போய் ஸ்விட்ச் மாற்றிக்கொண்டிருந்தேன். நீலம் போய்ச் சிவப்பு. சிவப்பும் போய் அதைவிட லேசான ஸ்பிரிங். “இப்பம் நல்லாருக்குலே” என்பார். அடுத்த முறை போகும்போது அதுவும் அமுங்காது.

கடைசியில் கிடைத்ததிலேயே லேசானதைப் போட்டேன். விரல் சும்மா கிடந்தாலே எழுத்து கொட்டியது. ஒரு வரி டைப் செய்தால் அதில் பாதி ககககக. கொஞ்சம் கனமாகப் போட்டால் டைப்பிங் தப்பிக்கும், ஆனால் கேமில் ஓட முடியாது. இரண்டுக்கும் சேர்த்து ஒரு ஸ்விட்ச்... உலகத்தில் அப்படி ஒன்று இல்லை.

அக்கா கொஞ்ச நேரம் கீபோர்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“டைப்பிங் போவட்டும்லே. டபிள்யூ மட்டும் அமுங்குனா போதும்.”

அப்படியே செய்தேன். கை சாய்ந்து கிடந்தாலும் அமுங்காதபடி மற்ற கீகளுக்கெல்லாம் கனமான ஸ்விட்ச். டபிள்யூவுக்கு மட்டும் அந்த லேசானது.

மவுஸை அத்தான் பிடித்தார். கேம் என்றால் என்னவென்றே தெரியாத மனுஷன். அக்கா “எடது, எடது” என்று முனங்க, அவர் படகைத் திருப்புவது மாதிரி முழுக் கையால் திருப்புவார். சுடுவதற்குள் இருவரும் செத்துப்போவார்கள். ஒவ்வொரு தடவையும். நாங்கள் அடுத்த ஆட்டத்தைத் தொடங்குவோம்.

போன மழைக்குப் பிறகு அக்கா கேமுக்கு வரவில்லை. நாங்களும் விளையாடவில்லை.

இன்று போனில் அடக்கம் நாளைக்கு என்று சொல்லிவிட்டு அத்தான் கேட்டார்.

“ஒங்க அக்கா கம்ப்யூட்டர்ல ஒங்க குரூப்பத் தொறந்து வச்சிருந்தா மாப்ள. ஒண்ணும் அனுப்பல. டைப் பண்ற பொட்டி நெறய ஈ ஈன்னு கெடக்கு. அது என்னது?”

அந்த ஸ்பிரிங் எனக்குத் தெரியும். விரல் சும்மா கிடந்தாலே இறங்கும். அக்கா டைப் செய்தாரா, விரல் விழுந்து கிடந்ததா... அதைச் சொல்ல இனி ஆள் இல்லை. இதை அத்தானிடம் சொல்லவில்லை.

“முன்னால போறேன்னு அர்த்தம் அத்தான்” என்றேன்.

அத்தான் போனை வைத்துவிட்டார்.

குரூப்பில் இருக்கிறவர்கள் நாளைக் காலையில் பாளை பஸ் ஸ்டாண்டுக்கு வந்துவிடுங்கள். சேர்ந்தே போவோம்.

போங்கக்கா.