பேச்சு வராத பத்து நிமிடம்

மைக்கின் முன்னால் போய் நிற்கும்வரை ஷிரானிக்கு எல்லாம் நினைவிருந்தது. நின்ற பிறகு ஒன்றுமில்லை.

கையில் ஐந்து பக்கம் இருந்தது. சிங்களத்தில் அவளே எழுதி, அவளே மனப்பாடம் செய்தது. மண்சரிவு அபாயம் பற்றிப் பேச, செப்டம்பரில் மாவட்ட அதிகாரிகள் மாத்தளையில் கூட்டியிருந்த கூட்டம் அது. வந்திருந்த நாற்பது பேரும் அவளையே பார்த்தார்கள். நாக்கு மேலண்ணத்தோடு ஒட்டிக்கொண்டது. தொண்டையிலிருந்து வெறும் காற்று கிளம்பி மைக்கில் பெரிதாகக் கேட்டது. தலைமை தாங்கியவர் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார். பிறகு சிரித்த முகத்தோடு, "பரவாயில்லை அம்மா, எழுத்தில் கொடுத்துவிடுங்கள்" என்று சிங்களத்தில் சொல்லிவிட்டு அடுத்த விடயத்துக்குப் போனார்.

வெளியே தண்ணீர்க் குழாயடியில் போய் வாந்தி எடுத்தாள். கூட வந்திருந்த அருள்மணி, தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர், அவளுடைய கைப்பையைப் பிடித்துக்கொண்டு சற்றுத் தள்ளி நின்றார். தோட்டத்துக்குத் திரும்ப, பலாபத்வலைக்குப் போகும் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் வாய் திறந்தார்.

"சரி விடுங்க டீச்சர். எழுத்துல குடுத்திட்டோம்தானே. பாத்து செய்வாங்க."

அவர் அதை நம்பிச் சொல்லவில்லை என்பது அவளுக்குத் தெரிந்தது.

ஷிரானிக்கு அப்போது முப்பத்தாறு வயது. தேயிலைத் தோட்டத்தின் மேல்கணக்குப் பிரிவில், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவில் பன்னிரண்டு வருடமாக வேலை. கொழுந்தெடுக்கப் போகும் பெண்கள் காலையில் விட்டுப்போகும் பத்தொன்பது பிள்ளைகளையும் பாட்டாலும் கதையாலும் கட்டி வைத்திருப்பாள். புலியாவாள், ரயிலாவாள், மழையாவாள். வாசலில் ஒரு பெரிய ஆள் வந்து நின்றால் போதும், குரல் இறங்கிவிடும். பதினோரு வயதில் பள்ளிக்கூடப் பரிசளிப்பு விழாவில் வரவேற்புரை சொல்லப் போய், "மதிப்புக்குரிய" என்ற சொல்லோடு நின்று, மேடையிலேயே பாவாடையை நனைத்துக்கொண்டவள். வேலைக்கான டிப்ளோமாவில் எல்லாப் பாடத்திலும் நல்ல புள்ளி வாங்கியும், வகுப்பின் முன் நின்று விளக்க வேண்டிய ஒரு பாடத்தில் மட்டும் இரண்டு தடவை தவறினாள். கணவன் ஹெர்பர்ட் தம்புள்ளை மொத்தச் சந்தையில் மரக்கறி மூட்டை இறக்குபவன். பதினைந்து நாளுக்கு ஒரு தடவைதான் வீட்டுக்கு வருவான். அவனிடம்கூட இதையெல்லாம் அவள் சொன்னதில்லை.

இப்படிப்பட்டவளைக் கூட்டத்துக்கு அனுப்பியதற்குக் காரணம் சுவர்கள்தான். இரண்டு வருடத்துக்கு முன் பிள்ளைக்காம்பராவின் பின்சுவரில் ஒரு வெடிப்பு விட்டது. அது வளருகிறதா என்று பார்க்க, பிள்ளைகள் படம் கீறும் தாளில் ஒரு துண்டு வெட்டி, வெடிப்பின் குறுக்கே கோதுமை மாப் பசையால் ஒட்டி, தேதியும் எழுதினாள். ஒரே மாதத்தில் தாள் கிழிந்தது. பிறகு தொழிலாளர்கள் குடியிருக்கும் இரண்டு லயங்களையும் சுற்றி நடந்து பார்த்தாள். அடுப்படிச் சுவர், இஸ்தோப்புத் திண்ணைத் தரை, கக்கூஸுக்குப் போகும் படி என்று முப்பத்தொரு இடத்தில் ஒட்டினாள். பத்தொன்பது கிழிந்தன. எது எப்போது கிழிந்தது, எந்த மழைக்குப் பிறகு, எத்தனை விரல் அகலம் என்று எல்லாம் ஒரு கொப்பியில் எழுதி வைத்திருந்தாள். இருபத்திரண்டு குடும்பங்கள் மலைக்குக் கீழே படுத்து எழும்புகின்றன, எங்களை இடம் மாற்றுங்கள் என்பதுதான் சொல்ல வேண்டியது. அருள்மணிக்குச் சந்தைச் சிங்களம் மட்டும்தான் வரும். அதிகாரிகள் குறுக்குக் கேள்வி கேட்டால் பதில் சொல்ல அவளை விட்டால் ஆளில்லை.

எழுத்தில் கொடுத்ததற்குப் பதில் வரவில்லை. நவம்பர் வந்தது. நான்கு நாள் விடாத மழை. நான்காம் நாள் பின்னேரம் மூன்று மணிக்கு இரண்டாம் லயத்தின் பின்மண் இறங்கி, கடைசிக் காம்பரா வீட்டின் அடுப்படிக்குள் புகுந்தது. அந்த வீட்டு ராசம்மா அப்போதுதான் கொழுந்து மலையிலிருந்து நனைந்து வந்து, குளிக்க வெந்நீர் வைத்துக்கொண்டிருந்தாள். ஆண்கள் மம்பட்டியோடு ஓடினார்கள். ஷிரானி பத்தொன்பது பிள்ளைகளையும் உள்ளே வைத்து வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். மண்ணை வெட்டும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. ஐந்து மணிக்குச் சத்தம் நின்றது. பிறகு பெண்கள் அழத் தொடங்கினார்கள்.

கொழும்பில் கடையொன்றில் வேலை செய்த ராசம்மாவின் மகன் சசிக்குமார் வந்து காரியம் முடித்தான். ஐந்தாம் நாள் பிள்ளைக்காம்பராவுக்கு வந்தான். உள்ளே வரவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"டீச்சர், எங்க அடுப்படியிலயும் தாள் ஒட்டியிருந்தீங்களாமே."

"ஆமாப்பா."

"கிழிஞ்சிருந்திச்சா?"

"ஆகஸ்ட்லயே கிழிஞ்சிருச்சு."

அவன் தலையை ஆட்டினான். "அன்னைக்கு மாத்தளையில நீங்க ரெண்டு வார்த்த பேசியிருந்தா எங்கம்மா இருந்திருக்கும்."

கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் அவளால் அதைத் தாங்க முடியவில்லை. அவள் பேசியிருந்தாலும் இரண்டு மாதத்துக்குள் ஒன்றும் நடந்திருக்காது என்று அருள்மணி பிறகு எத்தனையோ தடவை சொன்னார். நியாயம்தான். ஆனால் சோற்றில் கை வைத்தால் அந்த மண் வெட்டும் சத்தம். பிள்ளைகளுக்குப் பாட வாய் திறந்தால் சசிக்குமாரின் முகம். பன்னிரண்டு வருடத்தில் முதல் தடவையாகப் பிள்ளைகள் முன்னாலும் அவளுக்குக் குரல் அடைத்தது.

ஜனவரி கடைசியில் மறுபடி கூட்டம் என்று டிசம்பரில் கடிதம் வந்தது. பத்து நிமிடம் தருவார்களாம். ஷிரானி அருள்மணியின் வீட்டுக்குப் போனாள்.

"என்னால முடியாது அண்ணே. கொப்பிய தாறேன், வேற யாரையாச்சும் அனுப்புங்க."

"யார அனுப்ப? நீங்களே சொல்லுங்க, அனுப்புறேன்."

கொப்பியோடு திரும்பி வந்தாள். டவுன் கோயிலில் மெழுகுதிரி ஏற்றி நேர்ந்துகொண்டாள். ஃபார்மசியில் நடுக்கத்துக்கு மாத்திரை கேட்டாள். டாக்டர் எழுதிய துண்டில்லாமல் தர மாட்டோம் என்றார்கள். ஐந்து பக்கத்தை எட்டுப் பக்கமாக்கி மறுபடி மனப்பாடம் செய்தாள். எவ்வளவு செய்தாளோ அவ்வளவு பயம் கூடியது. ஒரு சொல் தவறினால் மொத்தமும் சரிந்து விழும் என்று தோன்றியது.

லயத்தில் எல்லாரும் மிஸ்ஸி என்று கூப்பிடும் குடும்பநல மாது றஹீமா, பிள்ளைகளை நிறுக்க மாதாமாதம் வருபவள். ஷிரானியின் வயதுதான். அந்த மாதம் பிள்ளைகளை நிறுத்து முடித்துவிட்டு ஷிரானியைத் தராசில் ஏறச் சொன்னாள். ஆறு கிலோ குறைந்திருந்தது. என்ன என்று கேட்டதும் ஷிரானி அந்தத் தராசிலேயே நின்று அழுதாள்.

றஹீமா எட்டுப் பக்கத்தையும் வாங்கிப் புரட்டினாள்.

"இத யாருக்கு மனப்பாடமா நிக்கும் ஷிரானி? எனக்கே நிக்காது. நான் கிழமைக்கு மூணு கிளினிக்ல பேசுறேன். இப்பவும் தொடங்கக்குள்ள கை நடுங்கும்."

"நெசமாவா மிஸ்ஸி?"

"நடுங்குனா நடுங்கட்டும்னு விட்டுருவேன். கைதானே நடுங்குது, குழந்தைக்கு ஊசி எப்ப போடணும்னு எனக்குத் தெரியும்தானே. சரி, தாள மூடுங்க. அந்தச் சுவருல என்னா கண்டீங்க? எனக்குச் சொல்லுங்க."

ஷிரானி சொன்னாள். றஹீமாவுக்குச் சொல்லக் கஷ்டமாக இல்லை. சொன்னதிலிருந்து மூன்று விடயத்தை மட்டும் றஹீமா ஒரு துண்டில் எழுதினாள்: என்ன கண்டோம், எத்தனை பேர் இருக்கிறோம், என்ன கேட்கிறோம். முதல் வரியை மட்டும் பாடம் செய்யச் சொன்னாள். கிழிந்த தாள்களைப் படமெடுத்துத் திரையில் காட்டலாம், பார்க்கிறவர்கள் அங்கே பார்ப்பார்கள், உங்களைப் பார்க்க மாட்டார்கள் என்றாள்.

அடுத்த புதன்கிழமை கிளினிக்கில், கர்ப்பிணிப் பெண்கள் எட்டுப் பேர் முன்னால் அவளை எழுப்பி நிறுத்தினாள். ஷிரானி மூன்று வரி சொல்லிவிட்டுப் பின்கதவால் வெளியே போய்விட்டாள். அதற்கடுத்த புதன் பாதியில் நின்றாள். றஹீமாவைப் பார்த்தாள். றஹீமா உதவிக்கு வரவில்லை. கார்ட் எழுதுவதுபோல் குனிந்துகொண்டாள். சுவர்க்கடிகாரத்தில் அரை நிமிடம் போனது. யாரும் சிரிக்கவில்லை, ஒரு பெண் மட்டும் கொட்டாவி விட்டாள். ஷிரானி துண்டைப் பார்த்தாள், தண்ணீர் குடித்தாள், விட்ட இடத்திலிருந்து தொடங்கினாள்.

"அதான்," என்றாள் றஹீமா பிறகு. "நிக்காம பேசணும்னு இல்ல. நின்னா திரும்பத் தொடங்கத் தெரியணும்."

ஆனாலும் ஜனவரிக் கூட்டத்தன்று காலையில் ஷிரானிக்கு ஒரு வாய் தேநீர்கூட இறங்கவில்லை. அருள்மணியோடு சசிக்குமாரும் வந்தான். ஏன் வருகிறான் என்று அவள் கேட்கவில்லை. தன் வாய் திறக்கிறதா என்று பார்க்கத்தான் வருகிறான் என்று நினைத்துக்கொண்டாள். அவன் மண்டபத்தில் முன்வரிசைக்கு அடுத்த வரிசையில் போய் உட்கார்ந்தான்.

அதே கூட்டத் தலைவர், அதே மைக். திரையில் முதல் படம் வந்தது: வெடிப்பு, குறுக்கே கிழிந்த வெள்ளைத் தாள். பாடம் செய்த முதல் வரியைச் சொன்னாள். இரண்டாவது சொன்னாள். அடுத்த படம் ராசம்மாவின் அடுப்படிச் சுவர். அதைக் கண்டதும் நின்றுவிட்டாள். துண்டைப் பார்த்தாள், எழுத்து தெரியவில்லை. தண்ணீர்க் கிளாஸை எடுத்தாள். பாதி மேசையில் சிந்தியது. மண்டபம் அமைதியானது. செப்டம்பரில் கேட்ட அதே அமைதி. தலைவர் மைக்கைத் தன் பக்கம் இழுப்பதை அவள் பார்த்தாள்.

"பொறுங்கள் ஐயா," என்றாள் சிங்களத்தில். குரல் கரகரத்தது. "எனக்குப் பேச வராது. போன தடவை இதே இடத்தில் நின்று ஒரு சொல்லும் பேசாமல் போனேன். அன்றைக்கு இந்தச் சுவருக்குரிய அம்மா உயிரோடு இருந்தார்."

தலைவர் கையை எடுத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு அவள் நன்றாகப் பேசினாள் என்று சொல்ல முடியாது. சொற்களை விழுங்கினாள். ஒரு எண்ணைத் தப்பாகச் சொல்லித் திருத்தினாள். கை கடைசிவரை நடுங்கியது. ஆனால் பத்தொன்பது தாளும் எப்போது கிழிந்தது என்பதை ஒன்றொன்றாகச் சொன்னாள். ஒரு பொறியியலாளர் குறுக்கே கேள்வி கேட்டார். கொப்பியைப் பார்க்காமலே பதில் வந்தது. கடைசியில் தலைவர், ஆய்வுக் குழுவொன்றை அனுப்புவோம் என்றார்.

"எந்தத் தேதியில் ஐயா?"

"விரைவில்."

ஷிரானி உட்காரவில்லை. உட்கார்ந்தால் மறுபடி எழும்ப முடியாது என்று அவளுக்குத் தெரியும். மைக்கைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். தலைவர் பக்கத்திலிருந்தவரோடு ஏதோ பேசினார், நாட்குறிப்பைப் புரட்டினார். பெப்ரவரி பன்னிரண்டு என்றார். கூட்டக் குறிப்பு எழுதுகிறவர் அதை எழுதி முடிக்கும்வரை பார்த்துவிட்டுத்தான் அவள் இடத்துக்குப் போனாள். அதன்பிறகு வெளியே ஓடி வாந்தி எடுத்தாள். இந்தத் தடவை கைப்பையைப் பிடித்துக்கொண்டு நின்றவன் சசிக்குமார். பையைக் கொடுத்துவிட்டு நேரே கொழும்பு பஸ்ஸைப் பிடித்துப் போய்விட்டான்.

பன்னிரண்டாம் தேதி குழு வந்தது. இரண்டு லயங்களும் குடியிருக்கத் தகுதியற்றவை என்று எழுதிக் கொடுத்தது. தோட்டத்தின் பழைய ஸ்டோருக்குள் பலகை அடித்துப் பதினான்கு குடும்பங்களைக் கொண்டுவந்தார்கள். மற்ற எட்டுக் குடும்பங்களுக்கு அங்கே இடமில்லை. அவை இன்னும் மலைக்குக் கீழேதான். வீடு கட்டக் காணி தருவதாகச் சொன்னார்கள், அதற்கான கடிதம் இன்றுவரை வரவில்லை. ஷிரானி அதற்குப் பிறகு நான்கு கூட்டத்தில் பேசிவிட்டாள். பயம் போகவில்லை. ஒவ்வொரு தடவையும் முதல் நாளே சாப்பாடு இறங்காது.

இப்போது மறுபடி ஒக்டோபர். பின்னேரங்களில் மேகம் இறங்குகிறது. அந்த எட்டு வீடுகளிலும் புதிதாகப் பன்னிரண்டு தாள் ஒட்டியிருக்கிறாள். நான்கு கிழிந்துவிட்டன. வெள்ளிக்கிழமை கூட்டம், அவளுக்கு ஐந்து நிமிடம்தான் தந்திருக்கிறார்கள்.