மருந்து எலிகளும் தண்ணீர் எலிகளும்

என் வீட்டுக்காரர் மருந்து ஆராய்ச்சிக்கூடத்தில் எலிகளைப் பார்த்துக்கொள்கிறார். இருபத்திரண்டு வருடமாகிறது. கூண்டு கழுவுவார், மரத்தூள் மாற்றுவார், தீனி வைப்பார். அங்கே அவருக்கு ‘எலி மாமா’ என்றுதான் பெயர். ஊசி போட்ட எலியைக் கையில் ஏந்தி, அது அடங்கும்வரை முதுகைத் தடவிக் கொடுப்பார்.

“எனக்குத் தலைவலின்னா தைலம் தேய்ச்சு விட ஆளில்ல. எலிக்குக் குடுத்து வெச்சிருக்கு” என்பேன்.

“அது கடிக்காது” என்பார்.

போன வருடம் நெஞ்சுப் படபடப்புக்கு ஒரு புது மருந்து வந்தது. இருபது எலிக்கு மருந்து ஊசி, இருபதுக்கு வெறும் உப்புத்தண்ணீர் ஊசி. இரண்டையும் ஒத்துப் பார்த்தால் மருந்தின் குணம் தெரியுமாம். மருந்து ஊசிக் கூண்டுகளில் சிவப்பு அட்டை. ஆறு வாரம் கழித்து, மருந்து எலிகளுக்குப் படபடப்பு நன்றாகக் குறைந்திருக்கிறது, அடுத்து மனுஷருக்குக் கொடுத்துப் பார்க்கலாம் என்று, ஆராய்ச்சியை நடத்தும் டாக்டரம்மா எல்லாருக்கும் இனிப்பு கொடுத்தார்கள்.

இவர் மட்டும் அதைத் தின்னாமல் வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

“தண்ணி ஊசிதானே, அதுங்களுக்கு என்னன்னு நான் தொடவே இல்ல. சிவப்பு அட்டை எலிங்களை மட்டும்தான் தடவிக் குடுத்தேன். படபடப்பு குறைஞ்சது மருந்தாலயா, என் கையாலயா?”

“டாக்டரம்மாகிட்ட சொல்லிடுங்க.”

“வேலை போனாலும் போகட்டும். ஆனா இன்னும் நாப்பது எலி கொண்டு வருவாங்க. முடிஞ்சதும் அதுங்களையும் கொன்னுடுவாங்க. அதை என் வாயால சொல்லணுமா?”

எலியைப் படைத்தவன்தான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மருந்துக்குக் காத்திருக்கிறவர்களையும் படைத்தான். அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

“சொல்லாம விட்டா, இப்ப செத்த நாப்பதும் ஒரு பொய்க்குச் செத்த மாதிரி ஆயிடும்” என்று கடைசியில் அவரே சொன்னார்.

மறுநாள் போய்ச் சொல்லிவிட்டார். டாக்டரம்மா திட்டவில்லையாம். “அட்டையில நிறம் போட்டது என் தப்புண்ணே. இந்தத் தடவை எது மருந்து, எது தண்ணின்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. எல்லாத்தையும் ஒரே மாதிரி தடவிக் குடுங்க” என்றார்களாம்.

புது எலிகள் வந்தன. ஆறு வாரம், ஒன்றுவிடாமல் நாற்பதையும் கையில் ஏந்தினார். இரண்டு கூட்டத்துக்கும் வித்தியாசமே இல்லை. அந்த மருந்தை அத்தோடு கைவிட்டார்கள்.

கடைசி நாள் வீட்டுக்கு வந்தவர் சாப்பாடு வேண்டாம் என்றார்.

“முடிஞ்சுதா?” என்றேன்.

“முடிஞ்சுது. கடைசி ஊசிக்கும் நான்தான் கையில வெச்சிருந்தேன். வேற யாரையும் பிடிக்க விடல.”

அன்றைக்கு எண்பது உயிருக்கும் சேர்த்துக் கும்பிட்டேன்.