ஒரே ஒரு நோயாளி தேவை

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்கள். மலேசியாவின் ஈப்போவில் அரசாங்க அலுவலகக் கிராணியாகக் கணக்கெழுதிய யாழ்ப்பாணத்தார் ஸ்கந்தராஜாவின் கதை அதற்கு நேர் எதிர். 1983 டிசம்பரில் பூசாரி வரத்தைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக அலைந்தார், வாங்கத்தான் ஆளில்லை.

தோட்டத்து மக்களின் மருத்துவக் காப்புக்கென்று மாநிலம் ஒதுக்கிய பணம் அவர் பொறுப்பில் இருந்தது. வருடம் முடியப் போகிறது, ஒரு காசு செலவாகவில்லை. முப்பத்தோராம் தேதிக்குள் ஒரு நோயாளியின் மனுவாவது பதிவானால், மிச்சத்தை அடுத்த வருடத்துக்குக் கொண்டுபோகலாம். இல்லாவிட்டால் பணம் கஜானாவுக்குத் திரும்பிவிடும், திட்டத்துக்கும் மூடுவிழா. செலவு செய்யத் தெரியாத கிராணியைக் கடலோரத்துப் பாகான் டத்தோவுக்கு மாற்றப் போவதாகவும் பேச்சு. கடல்காற்றை நினைத்தாலே தும்முகிற மனிதர் அவர்.

பீடோர் பக்கம் ஒரு பழைய ரப்பர் தோட்டம். மரங்களை வெட்டிச் செம்பனை நட்டாகிவிட்டது. சனங்கள் மட்டும் அதே லயத்து வரிசை வீடுகளில் இருந்தார்கள். கோப்பும் கையுமாக அவர் வந்து இறங்கியதும், முன்பு கூலிகளை வேலை வாங்கிய பழைய தண்டல் மாயாண்டி ஒரு குரல் கொடுத்தார். அத்தனை பேரும் வேலைக்குப் பேர் கொடுக்கும் காலைப் பெரட்டுக்கு நிற்பதுபோல் வரிசையில் நின்றுவிட்டார்கள்.

“ஆருக்காவது உடம்புக்குச் சுகமில்லையோ?”

“எல்லாரும் நல்லா இருக்கோம்யா!”

சொல்லி முடித்த கையோடு பாதிப் பேர் இருமினார்கள்.

அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. அந்தக் காலத்துப் பெரட்டில் மேலுக்கு முடியவில்லை என்று வாய் திறந்தால், தோட்டத்து மருந்துக்கார டிரெசர் ஒரு குவளை பேதி உப்பைக் குடிக்க வைத்துவிட்டுத்தான் நகருவார். அன்றைய வருகைப் பேரும் போகும், கூலியும் போகும். கோப்போடு வந்து நலம் விசாரிக்கிறவனை எப்படி நம்புவது?

ஸ்கந்தராஜாவுக்கு அழுகையே வந்துவிட்டது. மாயாண்டியைத் தனியே அழைத்து உள்ளதைச் சொன்னார்.

“அட, இதுக்கா ஐயா மூஞ்சி தொங்கிப் போச்சு? நாங்க பாத்துக்கிறோம் லா.”

முப்பத்தோராம் தேதி காலையில் அலுவலக வாசலில் ஒரு லாரி வந்து நின்றது. முப்பது பேர் முனகிக்கொண்டே இறங்கினார்கள். முத்தம்மா சேலையைச் சரிசெய்துகொண்டு மூன்று முறை மயங்கி விழுந்தாள். சன்னாசியின் கால்கட்டு, படி ஏறும்போது வலக்காலில் இருந்தது; மேலே போனதும் இடக்காலுக்கு மாறியிருந்தது.

“எந்தக் கால்?” என்றார் சோதிக்க வந்த டாக்டர்.

“ஒங்களுக்கு எது வசதியோ அதப் பாருங்க டாக்டர்.”

மதியத்துக்குள் டாக்டர், எல்லாம் நடிப்பு என்று அத்தனை பேரையும் விரட்டிவிட்டார். ஸ்கந்தராஜா இடிந்துபோய் உட்கார்ந்தார். நமக்காக இவ்வளவு தூரம் வந்தவர்கள், லாரி வாடகையாவது நம் சட்டைப்பையிலிருந்து கொடுப்போம் என்று பணத்தைப் பங்கிட்டு, கிராணிப் பழக்கத்தில் ஒரு காகிதத்தில் எல்லாரிடமும் கைநாட்டு வாங்கினார்.

கடைசியாக வந்தவள் மாயாண்டியின் அக்கா வீரம்மா. அவள் முனகவில்லை, தம்பிக்குத் துணையாக வந்தவளாம். கட்டைவிரலை மையில் தோய்த்து, நிதானமாக ஸ்கந்தராஜாவின் வெள்ளைச் சட்டையில் அழுத்தினாள்.

“அம்மா, காகிதம் இஞ்ச இருக்கு.”

அடுத்த கைநாட்டு அவருடைய கோப்பித் தட்டில் விழுந்தது.

ஸ்கந்தராஜா மெல்ல எழுந்தார். “எவ்வளவு நாளாக் கண் தெரியேல்லை அம்மா?”

“எனக்கு ஒண்ணுமில்லைங்க. பனிதான். ஆறு வருசமா பீடோர்ல ஒரே பனி லா.”

அவருக்குச் சிரிப்பு வந்தது. ஓடிப்போய் டாக்டரைக் கையோடு இழுத்து வந்தார். இரண்டு கண்ணிலும் முற்றிய புரை.

“பேதி உப்பு குடுக்க மாட்டீங்கல்ல?” என்று கேட்டுவிட்டுத்தான் வீரம்மா மனுவில் விரலை வைத்தாள்.

அந்த ஒற்றைக் கைநாட்டால் பணம் முழுக்க அடுத்த வருடத்துக்குத் தாண்டியது. சனவரியில் அறுவை சிகிச்சை நடந்தது. கண்கட்டை அவிழ்த்த அன்று ஸ்கந்தராஜா போய் எதிரே நின்றார். வீரம்மா அவரை மேலும் கீழும் பார்த்தாள். பார்வை அவர் சட்டையில் வந்து நின்றது. மூன்று முறை வெளுத்தும் போகாத மைக்கறை.

“என்னங்கையா இது, நல்ல சட்டையில? எந்தக் குருட்டுக் கபோதி செஞ்ச வேலை?”

“அவவுக்கு இப்ப நல்லாக் கண் தெரியுது அம்மா,” என்றார் ஸ்கந்தராஜா.