மால்சுன் கழற்றி வைத்த அலாரம்

வீட்டுத் தரையைச் சூடாக்கும் அடுப்பில் எரிந்து வெளுத்த துளைக் கரிக்கட்டியை இடுக்கியால் எடுத்து வெளியே போட்டு, பாதி எரிந்ததன் மேல் புதியதை இறக்கி, துளைக்கு நேர் துளை பொருத்துவது மால்சுன்தான். நிலக்கரிச் சுரங்க ஊரான தேபெக்குக்கு மணமாகி வந்த நாற்பத்து நான்கு வருடங்களில் அந்த வேலையை ஒரு நாளும் கணவர் தொக்பாலிடம் விட்டதில்லை. அவருடைய நெஞ்சு சுரங்கத்திலேயே போதுமான கரியைத் தின்றுவிட்டது.

நவம்பரில் ஊர் அலுவலகத்துப் பெண் வந்து படுக்கும் அறையில் விஷவாயு அலாரம் மாட்டினாள். "கரி எரிக்கிற வீட்ல இது இருந்தே ஆகணும்மா. கழட்டிடாதீங்க."

கரி மாற்றும்போதெல்லாம் அது அலறியது.

"வீட்ல கத்துறதுக்கு நீ ஒருத்தி பத்தாதா?" என்றார் தொக்பால்.

மால்சுன் அதைக் கழற்றி, பேட்டரியை டிவி ரிமோட்டில் போட்டுக்கொண்டாள். குளிருக்கு ஜன்னல்களில் குமிழ்ப் பிளாஸ்டிக் ஒட்டினாள். தெருவில் எல்லோரும் ஒட்டுவதுதான். இவள் அடுப்படியின் காற்றுத் துவாரத்தையும் சேர்த்து அடைத்தாள்.

மறுவாரம் பகல் முழுக்கப் பக்கத்து வீட்டில் சுன்ஜாவோடு உட்கார்ந்து குளிர்காலத்துக்கான கிம்ச்சி ஊறுகாய் போட்டாள். மால்சுன் பங்குக் கூடையைத் தூக்கிக்கொண்டு சுன்ஜாவும் அவள் வீட்டுக்குக் கூடவே வந்தாள். தொக்பால் சூடான தரையில் படுத்திருந்தார். கன்னமெல்லாம் ரோஜா நிறம்.

"பாருடி, பத்து வயசு குறைஞ்ச மாதிரி தூங்குறாரு!" என்றாள் சுன்ஜா.

மால்சுன் அவரை உலுக்கினாள். தலை துணிப் பொம்மையின் தலைபோலச் சரிந்தது.

மால்சுன் ஓடிப்போய் முள்ளங்கிக் கிம்ச்சித் தண்ணீரை ஒரு கிண்ணம் மொண்டு வந்து அவர் வாயைத் திறந்தாள். மாமியார் காலத்திலிருந்து கரிப்புகைக்கு அந்த வீட்டில் அதுதான் மருந்து.

"அடி பைத்தியமே, மூச்சுல போய் அடைச்சுக்கும்! மொதல்ல வெளிய இழுடி!" சுன்ஜா கிண்ணத்தைத் தட்டிவிட்டுக் கதவை உதைத்துத் திறந்தாள். ஆளுக்கு ஒரு கையைப் பிடித்து முற்றத்துப் பனியில் இழுத்துப் போட்டார்கள்.

ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் ஆக்சிஜன் கூண்டுக்குள் வைத்திருந்தார்கள். மூன்றாம் நாள் கண் திறந்தார். உயிருக்குப் பயமில்லை என்றார் டாக்டர். மால்சுன் கஞ்சியோடு உள்ளே போனாள். தொக்பால் அவளையே பார்த்தார். பிறகு, வெளியாளுக்குக் காட்டும் மரியாதையோடு, எழுந்து உட்காரப் பார்த்தார்.

"நீங்க ஆஸ்பத்திரி ஆளாம்மா? என் பொண்டாட்டியும் வீட்லதான் இருந்தா. அவளுக்கு ஒண்ணும் ஆகலையே?"

மால்சுன் கஞ்சிப் பாத்திரத்தின் மூடியைத் திறந்து, மறுபடி மூடினாள்.

"மறைக்காதீங்கம்மா. தப்பிச்சாளா?"

அவள் கஞ்சியை மேஜைமேல் வைத்துவிட்டு அறையைவிட்டு வெளியேறினாள்.