சார்ஜர் விளக்கு மூச்சுப் பிடித்த மத்தியானம்

என் மருமகளுக்கு வியாழக்கிழமை மத்தியானம் மூணு மணிக்கு இன்டர்வியூ. மூணாவது சுற்று, அதோடு முடிவு சொல்லிவிடுவார்கள். கம்பெனி கோலாலம்பூரில், வேலை வீட்டிலிருந்தே. லேப்டாப்பில் முகத்தைக் காட்டிப் பேச வேண்டும், கேட்டதை அங்கேயே டைப் பண்ணியும் காட்ட வேண்டும். ஹேண்ட்போனில் ஆகாதாம். அவள் வேலை பார்த்த கடையை மூடி ஏழு மாதம் ஆகியிருந்தது. இந்த வேலையைத்தான் மலைபோல் நம்பியிருந்தாள்.

செவ்வாய்க்கிழமை காலை லேப்டாப் பொட்டென்று அணைந்தது.

“அத்தை, சார்ஜர் ரோசாக் ஆயிருச்சு, கெட்டுப்போச்சு. ஒயரைச் சுவத்துல குத்தினாலும் லேப்டாப்புல லைட்டு எரிய மாட்டேங்குது” என்று சொல்லிவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

“நீ உட்கார்ந்து படி. நான் கொண்டு போறேன்” என்றேன். நான் எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் ரெண்டாம் வகுப்போடு நின்றவள்தான். ஆனால் சிலிபினிலிருந்து ஈப்போ டவுனுக்கு இன்றுவரை யார் கையையும் பிடித்துக்கொண்டு போனதில்லை. லேப்டாப்பையும் சார்ஜரையும் துண்டில் சுற்றி, காய்கறி வாங்கும் பாசார் பையில் வைத்து பஸ் ஏறினேன்.

ரிப்பேர் கடைக்காரர் நம் தமிழ் முஸ்லிம் ஆள், நாற்பது வயது இருக்கும். லேப்டாப்பைப் பக்கவாட்டில் திருப்பிப் பார்த்தவர் சிரித்துவிட்டார்.

“அக்கா, லைட்டு மேலயே பொட்டு வச்சிருக்கீங்களே. அப்புறம் எப்படித் தெரியும்?”

ஆயுத பூஜைக்கு நான் வைத்த சந்தனமும் குங்குமமும். ஒயர் நுழைகிற இடத்துக்குப் பக்கத்தில் கடுகளவு பள்ளம் இருந்தது. பொட்டு வைக்கக் கம்பெனிக்காரன் இடம் விட்டிருக்கிறான் என்றுதான் நினைத்தேன்.

“சாமிக்கு வச்சதுலா தம்பி. சிரிக்காதீங்க.”

“உங்களைப் பார்த்துச் சிரிக்கலக்கா. எங்க உம்மாவா இருந்தா பூப்போட்ட துணி தைச்சு மொத்தத்தையும் மூடியிருப்பாங்க.”

சார்ஜரைக் குத்திவிட்டுப் பல்குச்சியால் பொட்டைச் சுரண்டினார். அடியில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு வெளிச்சம், விட்டு விட்டு அடித்தது. எத்தனை நாளாக என் பொட்டுக்குக் கீழே அப்படித் துடித்துக்கொண்டு கிடந்ததோ!

அவர் ஒவ்வொன்றாகச் சொன்னார். ஒயர் நடுவில் இருக்கிற சார்ஜர் கட்டையில் பச்சை எரிந்தால் சுவரிலிருந்து கரண்டு வருகிறது. லேப்டாப் ஓரத்தில் ஆரஞ்சு நிலையாக எரிந்தால் பேட்டரி சாப்பிடுகிறது. வெள்ளையானால் வயிறு நிறைந்துவிட்டது. “இப்படி விட்டு விட்டு அடிச்சா உடம்பு சரியில்லைன்னு அர்த்தம். இந்த மாடலுக்கு இப்படி. வேற கம்பெனியா இருந்தா நிறம் மாறும்.”

தெருப்பலகை எழுத்தெல்லாம் இன்னும் எனக்கு எறும்பு ஊர்கிற மாதிரிதான். இதுவோ பசியையும் நிறைவையும் நோவையும் ஓர் எழுத்து இல்லாமல் சொல்கிறது. சொல்லச் சொல்ல எனக்கும் புரிகிறது.

அடிப்பக்கத்தைக் கழற்றினார். சார்ஜர் மேல் ஒரு குற்றமும் இல்லை. பேட்டரிதான் பூரி மாதிரி உப்பியிருந்தது.

“தொடாதீங்கக்கா, ஓட்டை விழுந்தா தீப்பிடிக்கும். எப்பவும் ஒயரோடயே வச்சிருப்பீங்களா?”

“ராத்திரி பகலா. கழட்டினா பசிக்குமேன்னு.”

“நிறைஞ்ச வயித்தோடயே வச்சு, சூடும் ஏறினா சீக்கிரம் கெட்டுப்போகும்க்கா.”

ஓய்வு கொடுக்காமல் பாலுக்கு வெட்டின ரப்பர் மரம் பட்டை காய்ந்து பால் மறுத்துவிடும், அது எனக்குத் தெரியும். ஓயாமல் ஊட்டினாலும் ஒரு பொருள் கெடும் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

புது பேட்டரி சனிக்கிழமைதான் வருமாம். உப்பினதை எடுத்து வைத்துக்கொண்டார். “அதுவரைக்கும் பேட்டரி இல்லாமலே ஓடும். ஆனா கரண்டு ஒரு தடவை போனாலும் லேப்டாப்பும் கூடவே போயிரும்.”

ஈப்போவில் அந்த மாதம் மூணு மணி என்றால் இடி நேரம். முதல் இடிக்கே மெயின் சுவிட்சை இறக்குகிறவள் நான். எஸ்டேட் லயத்து வீட்டில் இருந்தபோது பக்கத்து வீட்டு டிவி இடியில் கருகினதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

வியாழக்கிழமை மருமகள் கெஞ்சினாள். “அத்தை, இன்னைக்கு மட்டும் சுவிட்சு பக்கம் போயிராதீங்க.”

“நான் என்ன சின்னப் புள்ளையா?”

“சின்னப் புள்ளையா இருந்தா மிட்டாய் கொடுத்து உட்கார வச்சிருவேனே.”

இன்டர்நெட் லைனை ஹேண்ட்போனிலிருந்து எடுத்துக்கொண்டு பேச ஆரம்பித்தாள். நான் மேசைக்குக் கீழே, சார்ஜர் கட்டைக்குப் பக்கத்தில், தரையில் உட்கார்ந்தேன். மலைப்பக்கம் உறுமியது. பிறகு எங்கள் கூரைக்கு மேலேயே வெடித்தது. கை தானாக எழுந்தது. மடியில் அழுத்திக்கொண்டேன்.

அடுத்த இடிக்கு விளக்கு பக்கென்று அணைந்து எரிந்தது. ஃபேன் ஒரு சுற்று தயங்கியது. போச்சு என்று நினைத்துக் கட்டையைப் பார்த்தேன். பச்சைப் புள்ளி அசையவில்லை. வீடு முழுக்கக் கண் சிமிட்டியபோது அது மட்டும் சிமிட்டவில்லை. மேலே மருமகளின் இங்கிலீஷ் தடங்கலில்லாமல் போய்க்கொண்டிருந்தது.

மழை விட்டு, இடியும் அடங்கின பிறகு அவள் லேப்டாப்பை மூடினாள். குனிந்து என்னைப் பார்த்தாள். “திங்கட்கிழமை ஆரம்பிக்கச் சொல்லிட்டாங்க அத்தை!” முகம் முழுக்க ஈரம்.

அவள் தலையைத் தடவிக் கொடுத்துவிட்டு ஒயரைச் சுவரிலிருந்து பிடுங்கினேன். பிளக்கின் மூணு முள்ளும் என் கையில் இருந்தது. பச்சை அணையவில்லை. ஒரு மூச்சு, ரெண்டு மூச்சு, மூணு. அதற்குப் பிறகுதான் மெல்ல மெல்ல மங்கி மறைந்தது. தனக்கென்று ஒரு வாய் கரண்டை உள்ளே பிடித்து வைத்திருந்திருக்கிறது. அந்த ஒரு வாயில்தான் என் மருமகள் தப்பித்தாள்.

“எழுந்திரிங்க அத்தை, உங்க மகனுக்குப் போன் போடலாம்.”

“நீ போடு. நான் இன்னொரு தடவை குத்திக் கழட்டிப் பார்த்துட்டு வாரேன்.”