நூற்று நாற்பத்து நாலு படம், ஒன்றிலும் அவர் இல்லை

பாந்தவ்கர் புலிக் காட்டுக்குப் போக எந்த மாதம் நல்லது, கேமரா என்ன கொண்டு போகலாம் என்று போன வாரம் இரண்டு பேர் எழுதிக் கேட்டிருந்தார்கள். நான் போனது 1997 பெப்ரவரியில், பிலிம் கேமராவோடு. அந்த விலையும் விதிகளும் இப்போது செல்லாது. புலி மட்டும் அதே புலிதான் என்பதால் எழுதுகிறேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அந்தப் பயணத்தால் எனக்கு ஒரு நல்ல புலிப் படம்கூடக் கிடைக்கவில்லை, புருஷனையும் கொஞ்சத்தில் பறிகொடுக்கப் பார்த்தேன்.

அப்போது எனக்கு ஆக்லாந்தில், நியூ லின் பக்கம், ஒரு படம் கழுவும் கடையில் வேலை. காலையில் பிலிமைக் கொடுத்தால் மத்தியானம் படம். ஊரார் விடுமுறையெல்லாம் என் மெஷினுக்குள்ளால் போய் வரும். அருவிக்கு முன்னால் அப்பா, அருவிக்கு முன்னால் அம்மா, அருவிக்கு முன்னால் அப்பாவும் அம்மாவும். அருவியைத்தான் காணக் கிடைக்காது. ஆறு வருடம் இதைப் பார்த்து வெறுத்துப்போய், என் படத்தில் மனிதத் தலை ஒன்றும் வராது என்று சபதமே எடுத்திருந்தேன்.

கலியாணம் திருச்சியில், தை மாதக் கடைசியில். மாப்பிள்ளை நேசன் எங்களைப் போல யாழ்ப்பாணத்துக்காரர். படிக்க வந்து திருச்சியிலேயே நின்று, டியூஷன் சென்டரில் கணக்குப் படிப்பித்துக்கொண்டிருந்தார். எனக்கு மூன்று கிழமை லீவு. ஒரு கிழமை கலியாணத்துக்கு, ஒரு கிழமை சொந்தக்காரர் வீட்டு விருந்துக்கு, மிச்சம் ஒரு கிழமை புலிக்கு. பிளாக்ஹவுஸ் பே வீட்டில் அம்மாவுக்கு இதைச் சொன்னபோது, "கலியாணம் கட்டின கையோடை காட்டுக்குள்ளையோ? கோயில் ஒண்டுக்குப் போங்கோவன்" என்றார். நேசனுக்குப் போனில் சொன்னேன். அவர், "ஜீப்புக்குக் கதவு இருக்குமோ?" என்று கேட்டார்.

ஒத்திகையும் பார்த்தேன். பக்கத்து வீட்டில் செம்மஞ்சள் நிறத்தில் வரி போட்ட ஒரு பூனை. விடிய ஆறு மணிக்கு எங்கள் வேலியோரச் செடிக்குள் அது பதுங்கும்போது, இரண்டாம் கையாக வாங்கிய 300 மில்லிமீட்டர் லென்ஸால் எடுத்துப் பழகினேன். அரை வெளிச்சத்தில் எப்படி எடுப்பது என்று அந்தப் பூனையிடம்தான் படித்தேன். ஒரு குறை, அது என்னைக் கண்டால் கிட்ட வந்து காலை உரசும்.

பாதை இதுதான். திருச்சியிலிருந்து சென்னை 320 கிலோமீட்டர், பஸ்ஸில் எட்டு மணி நேரம். சென்னையிலிருந்து கட்னிக்கு ரயில், ஒரு முழு நாளுக்கும் மேல். கட்னியில் ஒரு லாட்ஜில் படுத்து, காலையில் வாடகைக் காரில் தாலா என்ற கிராமத்துக்கு ஏறக்குறைய நூறு கிலோமீட்டர், மூன்று மணி நேரம். காட்டின் வாசல் அங்கேதான். ரயிலில் எனக்கு ஹிந்தி தெரியாது, அவருக்கு இருபது சொல் தெரியும். அந்த இருபதை வைத்துக்கொண்டு இரண்டு நாள் சாப்பிட்டோம்.

ஜீப்புக்கு ஒரு சவாரி 550 ரூபாய், நுழைவுக்கும் வழிகாட்டிக்கும் தனி. மூன்று நாளில் ஐந்து சவாரி பேசினோம். வழிகாட்டியின் பெயர் ஜகதீஷ். பாதி ஹிந்தி, பாதி ஆங்கிலம், முக்கால்வாசி கைச்சாடை. மண்ணில் ஒரு தடத்தைக் காட்டி, ஆணா பெண்ணா, எப்போது போனது என்று கையாலேயே கதை சொல்வார். ஜீப்புக்குக் கதவும் இல்லை, கூரையும் இல்லை. பெப்ரவரி விடியல் குளிர் எலும்பு வரை போகும். நேசன் லாட்ஜ் போர்வையைச் சுற்றி, கட்னிச் சந்தையில் வாங்கிய குரங்குத் தொப்பியைப் போட்டு, என் லென்ஸ் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். புது மாப்பிள்ளை என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

முதல் நாலு சவாரியிலும் புலி இல்லை. ஆனால் எவ்வளவு சந்தோசமாக இருந்தேன் என்று எழுதினால் நம்ப மாட்டீர்கள். பனி மூட்டத்துக்குள் புள்ளிமான் கூட்டம், பாறையில் காயும் மயில், சால மரத்துக் கிளையெல்லாம் மந்தி. எல்லாவற்றையும் எடுத்தேன். கொண்டு போனது நாலு ரோல், ரோலுக்கு 36 படம். ஒரு நாளைக்கு ஒரு தடவையாவது நேசன் கேட்பார்.

"ஜகதீஷிட்டைக் குடுத்து எங்கள் ரெண்டு பேரையும் ஒரு படம் எடுப்பிப்பமே?"

"பிலிம் காணாது. புலி வந்தால் என்ன செய்யிறது?"

"வராட்டில்?"

"வரும்."

அவரிடமும் ஒரு கேமரா இருந்தது. மச்சானிடம் இரவல் வாங்கிய சின்னப் பெட்டி. ஊருக்கு அனுப்பப் படம் வேண்டும் என்று அவருடைய அம்மா, என் மாமி, சொல்லிக் கொடுத்து விட்டது. அதை நான் ஒரு கேமராவாகவே மதிக்கவில்லை.

கடைசிச் சவாரி, மூன்றாம் நாள் காலை. ஏழே முக்காலுக்கு மந்தி ஒன்று மர உச்சியிலிருந்து இருமத் தொடங்கியது, பிறகு புள்ளிமான் கத்தியது. புலி கிட்ட வந்தால் அவை இப்படித்தான் எச்சரிக்குமாம். ஜகதீஷ் கையை உயர்த்த, டிரைவர் எஞ்சினை நிறுத்தினார். வலது பக்கப் புல்லுக்குள் ஏதோ அசைந்தது. ஒரு காது. பிறகு இரண்டு காது. நான் அமுக்கிய அமுக்கில் மூன்றாவது ரோலின் மிச்சம் பதினெட்டுப் படமும் ஒரு நிமிடத்தில் முடிந்து, கேமரா தானாகப் பிலிமைச் சுருட்டத் தொடங்கியது. சரியாக அந்த நேரம் பார்த்துப் புலி எழுந்து நடந்தது.

டிரைவர் ஜீப்பைக் கொஞ்சம் முன்னால் எடுத்து, ஒரு மூங்கில் புதருக்குக் கீழே சடாரென்று நிறுத்தினார். நான் கேமராவின் முதுகைத் திறந்து மடியில் வைத்து, நாலாவது ரோலை டப்பாவிலிருந்து பல்லால் இழுத்துக்கொண்டிருந்தேன். குலுக்கலில் கேமரா மடியால் வழுகியது, எப்படியோ விழாமல் தப்பியது. எவ்வளவு திணித்தும் பிலிம் முனை பள்ளத்துக்குள் போக மறுத்தது. ஆறு வருடம் நாளைக்கு நூறு ரோல் பிடித்த கை.

"டைகர், மேடம்," என்று ஜகதீஷ் மெல்லச் சொன்னார். "பின்னால்."

நிமிர்ந்து திரும்பினேன். எங்கள் ஜீப்பின் சக்கரத் தடத்தில், பத்து அடி தூரத்தில், புலி பாதையைக் கடந்துகொண்டிருந்தது. அவசரமே இல்லை. தோள் ஏறி இறங்குவது தெரிந்தது, வயிற்றுத் தோல் ஆடுவது தெரிந்தது. என்னை ஒருமுறை பார்த்தது. பக்கத்து வீட்டுப் பூனை பார்க்கிற அதே பார்வை. வெறுங்கண்ணால் பார்த்தது ஆறோ ஏழோ விநாடி. மூங்கிலுக்குள் போன பிறகு எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. நாலாவது ரோலைக் கால் தடத்திலும் வெறும் பாதையிலும் எடுத்து முடித்தேன்.

ஆக்லாந்துக்குத் திரும்பி நானே கழுவிப் பார்த்தேன். காது, புல், அசைந்த காது, புல். போகட்டும், கண்ணால் பார்த்தேனே என்று மனதைத் தேற்றிக்கொண்டு நேசனின் விசாவுக்கு எழுதிப் போட்டேன்.

ஏப்ரலில் கூப்பிட்டார்கள். விசா அதிகாரி கண்ணாடி போட்ட ஒரு பெண், நல்ல மரியாதையாகத்தான் கதைத்தார். கலியாணம் நடந்தது தெரிகிறது, பதிவும் சரி என்றார். அதற்குப் பிறகு இரண்டு பேரும் சேர்ந்து இருந்ததற்கு என்ன இருக்கிறது? கடிதம்? நாங்கள் போனில்தானே கதைக்கிறோம். போன் பில்? டெய்ரி என்கிற முக்குக் கடையில் போன் கார்டு வாங்கிக் கதைத்ததால் பில்லிலும் அவர் இல்லை. பெருமையோடு ஆல்பத்தை எடுத்து நீட்டினேன். அவர் ஒவ்வொரு பக்கமாகப் பொறுமையாகப் புரட்டினார். நூற்று நாற்பத்து நாலு படம்.

"இதில் உங்கள் கணவர் எங்கே?"

"எனக்குப் பக்கத்தில். லென்ஸ் பையை வைத்துக்கொண்டிருந்தார்."

"படத்தில் இல்லையே."

இல்லை. சேர்ந்து இருந்ததற்கு வேறு ஏதாவது இருந்தால் மூன்று கிழமைக்குள் கொண்டு வரச் சொன்னார், இல்லாவிட்டால் இருப்பதை வைத்துத்தான் முடிவு. நான் நியூ லின்னுக்கு ரயிலில் திரும்பி வந்து மெஷினுக்கு முன்னால் நின்றேன். யாரோ ஒரு சோடி பாலத்துக்கு முன்னால், கடலுக்கு முன்னால், ஐஸ்கிரீம் கடைக்கு முன்னால். இவர்களையா நான் நக்கலடித்தேன் என்று இருந்தது. என் முட்டாள்தனத்துக்கு அந்த மனிசன் திருச்சியில் காத்திருக்க வேண்டுமா?

அன்றைக்கே கார்டு வாங்கி நேசனுக்குப் போன் எடுத்தேன். நடந்ததைச் சொன்னேன்.

"ஒண்டு இருக்கு. நீர் ஏசுவீர் எண்டுதான் அனுப்பேல்லை."

"என்ன ஒண்டு?"

"ஜகதீஷ் எடுத்தது. மச்சான்ரை கேமராவை நான்தான் அவரிட்டைக் குடுத்து வைச்சனான். உம்மடை கோலம் அதிலை அவ்வளவு வடிவில்லை."

பதினொரு நாளில் தபாலில் வந்தது. ஜகதீஷ் முன் சீட்டிலிருந்து திரும்பி எடுத்திருக்கிறார். பின் சீட்டில் நான், தலைமயிர் கலைந்து, வாயில் பிலிம் நாக்குத் தொங்க, குனிந்திருக்கிறேன். பக்கத்தில் குரங்குத் தொப்பியோடு நேசன், கண்ணை இறுக மூடிக்கொண்டு என் சட்டையைப் பிடித்திருக்கிறார். இரண்டு பேருக்கும் நடுவால், பாதையில், தலை முதல் வால் வரை முழுப் புலி. அந்த நொடியில் இரண்டு பேரில் ஒருவரும் அதைப் பார்க்கவில்லை.

அதிகாரி அந்தப் படத்தை நெடுநேரம் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இதைப் பொய்யாக எடுக்க முடியாது," என்றார். படத்தைக் கோப்பில் வைத்துக்கொண்டார்கள். ஜூலையில் விசா வந்தது.

ஆகஸ்ட் மழையில் நேசன் ஆக்லாந்தில் வந்து இறங்கியபோது சட்டைப் பையில் ஒரு கடித உறை. அதற்குள் நெகட்டிவ். "பெட்டி துலைஞ்சாலும் இது துலையக் கூடாதெல்லோ?" என்றார். அடுத்த நாள் கடையில் நானே அதைப் பெரிதாகப் போட்டேன். சின்னப் படம் இருட்டாக இருந்ததால் வெளிச்சத்தை மூன்று படி கூட்டினேன். அப்போதுதான் அவருடைய மற்றக் கை தெரிந்தது. என் மடிக்குக் கீழே, கேமரா வாரை இரண்டு சுற்றுச் சுற்றிப் பிடித்திருந்தது அந்தக் கை. கேமரா எப்படியோ தப்பியது என்றுதான் இத்தனை மாதமும் நினைத்திருந்தேன். மெஷினைப் பிடித்துக்கொண்டு நின்று அழுதேன். கடையில் கூட்டம் வேறு.

இனிப் போகிறவர்களுக்கு. மழைக்காலத்தில் காடு மூடியிருக்கும், விசாரித்துப் போங்கள். பெப்ரவரியில் குளிர், தொப்பியும் கையுறையும் வேண்டும். ஏப்ரல், மே மாதங்களில் வெயில் கொளுத்தும், ஆனால் தண்ணீருக்குப் புலி வெளியே வரும். குறைந்தது ஐந்து சவாரியாவது வையுங்கள். மந்தி இருமினால் வாயை மூடிக்கொண்டு காத்திருங்கள். கேமராவைக் கொஞ்ச நேரம் இறக்கிவைத்துக் கண்ணாலும் பாருங்கள். பக்கத்தில் யார் இருக்கிறார்களோ அவர்களோடு ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள், விசாவுக்காக என்றில்லை.

அந்தப் படம் இப்போது பிளாக்ஹவுஸ் பேயில் எங்கள் சாப்பாட்டு மேசைக்கு மேலே தொங்குகிறது. வருகிறவர்கள் எல்லாம் நேசனைச் சீண்டுவார்கள். அவரும் சளைக்காமல், "பயத்திலை மூடேல்லை, வெயில் கண்ணுக்கை அடிச்சது" என்பார். நான் மறுத்துக் கதைப்பதில்லை. அந்த மூங்கில் நிழலில் எவ்வளவு வெயில் இருந்தது என்பது, வெளிச்சத்தை மூன்று படி கூட்டிய எனக்குத்தானே தெரியும்.